கண்டல் யாருக்குச் சொந்தம்?

அரசாங்க ஆணைகளைத் தமிழாக்குவதையே அன்றாடத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சில சொற்கள் இடர் தருவதுண்டு. கடலும் ஆறும் கலக்குமிடத்தில், உவர்நீரில் வேரூன்றி நிற்கும் மரக்கூட்டத்துக்கு உரிய பெயர் அவற்றுள் ஒன்று. அலுவலகக் கோப்புகள் அதனைச் 'சதுப்புநிலக் காடு' என்கின்றன. தஞ்சைக் கடற்கரையில் வாழ்வோர் 'அலையாத்திக் காடு' என்பர். அலையை ஆற்றுவது என்பது அதன் பொருள். பழந்தமிழ்ப் பாடல்களிலோ நெய்தல் நிலத்து மரமாகக் 'கண்டல்' என்னும் பெயர் வருகிறது. இம்மூன்றனுள் மிகப் பழமையான அந்தச் சொல் கேரள நாட்டில் இன்றும் உழவர் நாவில் வழங்குகிறது. கண்ணூர் மாவட்டத்தில் எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும், கண்டல் என்றவுடன் ஆற்றங்கரையைச் சுட்டிக் காட்டுவார்கள்.

அந்தக் கண்ணூர்க் கரையின் வரலாற்றையே இன்று நாம் எடுத்துக் கொள்கிறோம். நாட்டின் பிற இடங்களில் இத்தகைய காடுகள் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம். கண்ணூரில் அவற்றுள் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். ஒருவருடைய பட்டா நிலத்தில், அந்த மண்ணுக்குரிய மரத்தை மீண்டும் வளர்ப்பது எங்ஙனம்? வளர்ப்பவர் யார்? அதற்காகும் செலவைத் தாங்குபவர் யார்? இவ்வினாக்களுக்கு அக்கரை வரலாறு கூறும் விடை நமக்கும் பயன்படும்.

கண்ணூர் நமக்கு அயல் நிலமன்று. முன்னாளில் கண்ணனூர் என்று நாம் வழங்கிய அவ்வூர், மலபார் மாவட்டத்தின் பகுதியாக 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. அதனினும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. சங்கப் பாடல்களில் நன்னன் என்பானுக்கு உரியதாகக் கூறப்படும் ஏழில் குன்றமே, கண்ணூருக்கு வடக்கே கடலை ஒட்டி நிற்கும் இன்றைய ஏழிமலை என்பர் அறிஞர். அம்மலையின் தென்கிழக்கே பழையங்காடி ஆறு கடலை நாடிச் செல்கிறது. அவ்வாற்றின் கரையில் ஏழோம் என்னும் சிற்றூர் இருக்கிறது. நம் கதையின் நடுவிடம் அதுவே.

கண்டல் என்னும் சொல் கடல் கடந்து சென்ற வரலாறும் சுவையானது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு, மலையாளக் கரையின் செடிகொடிகளை வைத்தியர்களின் துணையோடு தொகுத்து, 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூலை உருவாக்கினார்; அது பன்னிரண்டு தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளிவந்தது. சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் அப்பணிக்குப் பெருந்துணை புரிந்தார். அந்நூலின் ஆறாம் தொகுதியில் கண்டல் வகைகள் பலவும் தத்தம் நாட்டுப் பெயர்களோடு இடம் பெற்றன. அவற்றுள் சிறுகண்டல் என்பதும் ஒன்று. பின்னர் 1834ஆம் ஆண்டில், சென்னை அரசாங்கப் பணியில் இருந்த ராபர்ட் வைட் என்பாரும் அவருடைய நண்பர் ஆர்னட்டும் அம்மரத்தைத் தனி இனமாக வகுத்து, 'கண்டேலியா' என்று பெயரிட்டனர். இன்று உலகெங்கும் தாவரநூலார் எழுதும் அப்பெயருக்குள் உறங்குவது நம் நெய்தல் நிலத்துச் சொல்லேயாம்.

இனி அம்மரத்தின் இயல்பைச் சிறிது காண்போம். உப்பு நீர் பட்டால் மற்ற மரங்கள் வாடும். கண்டலோ அந்நீரிலேயே வாழும். சில வகைகள் வேரிலேயே உப்பைத் தடுத்து நிறுத்துகின்றன. வேறு சில உப்பை உறிஞ்சி, இலையின் வழியே வெளியேற்றுகின்றன. சேற்றுக்குள் காற்று புகாதாகையால், வெண்கண்டல் தன் வேர்களை விரல் விரலாக மண்ணுக்கு மேலே நீட்டி மூச்சு விடுகிறது. மற்றொரு வகை, தண்டிலிருந்து வளைந்து இறங்கும் தாங்கு வேர்களின் மேல், பொய்க்காலில் நிற்பவனைப் போல் நிற்கும். அதன் வேர்கள் கட்டுக்கடங்காமல் பின்னிப் பரவும். மலையாளத்தில் அம்மரத்தின் பெயர் 'பிராந்தன் கண்டல்'. பித்துப் பிடித்த கண்டல் என்பது பொருள்.

இவ்வினத்தின் வித்து, தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கும். முற்றியதும் நழுவி விழும். நீர் வற்றிய நேரமாயின் சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்று வேர்விடும். வெள்ள நேரமாயின் மிதந்து சென்று வேறு கரையில் ஒதுங்கும். ஆதலின் கண்டலுக்கு வேலி தெரியாது, வரப்பும் தெரியாது. யாருடைய நிலமாயினும் நீர் கொண்டு சேர்க்குமிடத்தில் அது முளைக்கும். பின்னர் எழுந்த வழக்குகளுக்கெல்லாம் விதை அங்கேதான் இருக்கிறது.

ஏழோம் பகுதியின் ஈரநிலத்தில் தொன்றுதொட்டு நடந்து வந்த உழவுக்குக் 'கைப்பாடு' என்று பெயர். கோடையில் நிலம் உலரும்போது மண்ணை வெட்டிச் சிறு மேடுகளாகக் குவிப்பார்கள். தென்மேற்குப் பருவமழை பெய்து மண்ணிலுள்ள உப்பைக் கழுவிச் சென்றதும், முளைகட்டிய நெல்லை அம்மேடுகளின் மேல் இடுவார்கள். நாற்று வளர்ந்தபின் மேட்டை வெட்டிப் பரப்புவார்கள். உரமும் மருந்தும் வேண்டுவதில்லை. மழைக்குப் பின் அறுவடை. அதன்பிறகு மதகைத் திறந்தால் கடல் நீர் ஏற்றத்தோடு உள்ளே வரும். அதனுடன் இறாலும் மீனும் வரும். ஆண்டின் ஒரு பாதி நெல், மறுபாதி மீன் என்பது அந்நிலத்தின் கணக்கு. வயலின் ஓரத்திலும் ஆற்றின் விளிம்பிலும் கண்டல் நின்று, கரையைக் காத்து, இலையுதிர்த்து, மீன்குஞ்சுகளுக்கு நிழலும் இரையும் தந்தது. நெல்லும் மீனும் மரமும் ஒன்றையொன்று தாங்கி நின்ற அமைப்பு அது.

அவ்வமைப்பு தளர்ந்ததற்குக் காரணங்கள் பல. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 1969இல் திருத்தம் பெற்று, 1970 ஜனவரி முதல் நாள் தொட்டுக் குத்தகை முறையை ஒழித்தது. குத்தகையாளர் நிலவுடைமையாளராயினர். அது பெரும் நன்மையே. ஆயினும் சேற்றில் இறங்கி மேடு குவித்த கூலியாளருக்குக் கிடைத்தது குடியிருப்பு மனை மட்டுமே. ஊராட்சிப் பகுதிகளில் அதன் அளவு பத்துச் செண்டு. பின்னாளில் கூலி உயர்ந்தது. இளைஞர் வளைகுடா நாடுகளுக்கும் பம்பாய்க்கும் சென்றனர். நெல் கட்டுபடியாகவில்லை. வயல்கள் பல தரிசாயின. இறால் விலை ஏறியபோது கரைகளை உயர்த்தி, கண்டலை வெட்டி, ஆண்டு முழுவதும் இறால் வளர்க்க முற்பட்டனர். வேறு சிலர் செம்மண் கொட்டி மேடாக்கி மனையாக விற்றனர். கேரளத்தில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர் கண்டற் காடு இருந்திருக்கும் என்பது ஆய்வாளர் பலர் எடுத்தாளும் மதிப்பீடு. 2021ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கை அம்மாநிலத்துக்குக் காட்டும் பரப்பு 9 சதுர கிலோமீட்டர் மட்டுமே. அதிலும் மிகுதி கண்ணூர் மாவட்டத்தில் உள்ளது.

இந்நிலையில்தான் ஏழோம் ஊரில் ஒருவர் கண்டல் நடத் தொடங்கினார். அவர் பெயர் கல்லேன் பொக்குடன். 1937ஆம் ஆண்டில் புலையர் குலத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. சிறு வயது முதலே பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர். உழவுத் தொழிலாளர் போராட்டங்களிலும் பொதுவுடைமை இயக்கத்திலும் பல்லாண்டு ஈடுபட்டுப் பின்னர் அதனின்று விலகியவர். 1989ஆம் ஆண்டில், பழையங்காடி ஆற்றை ஒட்டிய சாலையோரத்தில் அவர் கண்டல் வித்துகளை ஊன்றினார். மழைக்காலத்தில் அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளைக் காற்றும் அலையும் அலைக்கழித்தன. மரம் வளர்ந்தால் அவர்களுக்கு மறைப்பாகும் என்று அவர் எண்ணினார்.

பயன் தராத சேற்று மரத்தை நடுகிறவரை ஊரார் சிலர் பித்தர் என்றனர். நட்டவற்றைப் பிடுங்கி எறிந்தோரும் உண்டு. அவர் மீண்டும் நட்டார். சில ஆண்டுகளில் சாலையோரம் பசுமைத் திரையாயிற்று. திரையின் அடியில் மீனும் நண்டும் பெருகின. கொக்கும் நாரையும் வந்து தங்கின. பித்தர் என்ற ஊர் அவரைக் 'கண்டல் பொக்குடன்' என்று அழைக்கத் தொடங்கியது. தம் வாழ்நாளில் அவர் நட்ட கன்றுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பர். கண்டற் காடுகளுக்கிடையே தம் வாழ்வு கழிந்ததைக் கூறும் அவருடைய தன்வரலாறு 2002இல் மலையாளத்தில் வெளிவந்தது. பட்டம் பெற்ற ஆய்வாளரும் அவரிடம் வந்து, எந்த மரம் எந்தச் சேற்றில் வளரும் என்று கேட்டறிந்தனர். 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அவர் காலமானார்.

அவர் வாழ்வில் நாம் கருத வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஈரநிலத்தின் பட்டா ஒரு வகுப்பாரிடம் இருந்தது; அந்நிலத்தைப் பற்றிய அறிவு வேறொரு வகுப்பாரிடம் இருந்தது. நீர் எப்பொழுது ஏறும், சேறு எங்கே ஆழம், எந்த வித்து எம்மாதத்தில் முற்றும் என்பனவற்றை அறிந்தவர் இடுப்பளவு நீரில் நின்று உழைத்தவரே. நிலம் அவருக்குப் பங்கிடப்படவில்லை. ஆயினும் நிலத்தை மீட்கும் அறிவு அவரிடமே தங்கியிருந்தது. இன்றும் தம் ஈரநிலத்தைச் சீர்படுத்த எண்ணுவோர் முதலில் தேடிச் செல்ல வேண்டியது அத்தகைய கைகளைத்தான்.

இனி, சட்டம் செய்தது யாது? 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வெளிவந்தது. கண்டற் காடுகள் மிக உயர்ந்த பாதுகாப்புடைய முதல் மண்டலத்தில் வைக்கப்பட்டன. நிலம் அரசினுடையதா, தனியாருடையதா என்ற வேறுபாடின்றி அங்கே கட்டடம் எழுப்புவதும் மண் நிரப்புவதும் தடையாயின. 2008ஆம் ஆண்டில் கேரள அரசு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, வயலை மேடாக்குவதைத் தடுத்தது. அழிவைத் தடுத்ததில் இச்சட்டங்களின் பங்கு பெரிது. அவை இல்லாவிடில் இன்றுள்ள 9 சதுர கிலோமீட்டரும் எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

எனினும் சட்டத்தின் நிழல் எதிர்பாராத இடத்திலும் விழுந்தது. தரிசாய்க் கிடக்கும் கைப்பாட்டில் கண்டல் தானே முளைக்கிறது. சிறு செடியாயிருக்கும்வரை அது உடைமையாளரின் வயல். ஓங்கி வளர்ந்து காடாகிவிட்டால் அது காக்கப்பட்ட மண்டலம். அங்கே உழவும் இயலாது, விற்பனையும் எளிதன்று. ஆதலின் மரத்தை வெறுக்காத உடைமையாளர்கூட, முளைக்கும்போதே பிடுங்கிவிடுவது நலம் என்று எண்ணத் தலைப்படுகிறார். வளர்ந்த காட்டைக் காக்கும் சட்டம், வளரும் கன்றுக்கு எதிராகத் திரும்பும் விந்தை இது. 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் அறிவிக்கைகள் இச்சிக்கலை வெவ்வேறு வகையாக அணுகின. ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட கண்டற் பரப்பைச் சுற்றி ஐம்பது மீட்டர் இடைநிலம் விடவேண்டும் என்பது விதி. தனியார் நிலத்துக் கண்டலுக்கு அவ்விடைநிலம் வேண்டா என்று 2019ஆம் ஆண்டின் அறிவிக்கை விலக்களித்தது. உடைமையாளரின் அச்சம் அதனால் சிறிது குறையலாம். ஆனால் மரத்தைச் சூழ்ந்த நிலம் மேடாக்கப்பட்டு நீர் வரத்து நின்றால், மரம் மட்டும் தனியே நின்று என்ன பயன்?

இங்கே சிதம்பரத்துக்குக் கிழக்கேயுள்ள பிச்சாவரத்தை ஒப்புநோக்குவது பொருந்தும். அங்கே காடு அரசினுடையது. முன்னாளில் பகுதி பகுதியாக முழுவதும் வெட்டியெடுத்தமையால், வெயில் பட்ட சேற்று நிலம் வறண்டு தாழ்ந்து தட்டுப் போலாயிற்று. ஏற்றத்தில் புகுந்த கடல் நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்ற, உப்பு மிகுந்து எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து, மீன் முள்ளைப் போல் கிளைக்கும் வாய்க்கால்களை வெட்டி நீரோட்டத்தை மீட்டனர். அதன்பின் நட்ட கன்றுகள் தழைத்தன. மரம் அழிந்ததற்கு மூலம் நீர் நின்றது. ஆகவே மீட்சியின் முதற்படி கன்று நடுவதன்று, நீரைத் திறந்துவிடுவதாகும்.

இப்பாடம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். மதகு அடைபட்ட வயலில் ஆயிரம் கன்று நட்டாலும் வீண். மதகைத் திறந்து, ஏற்ற இறக்கம் ஒழுங்காக நடைபெறச் செய்தால், ஆற்றில் மிதந்து வரும் வித்துகளே பாதி வேலையைச் செய்துவிடும். மீதிப் பாதிக்கு மட்டும் மனிதக் கை வேண்டும். அப்பொழுதும் இடமறிந்து நட வேண்டும். நீர் விளிம்பின் ஆழச் சேற்றில் தாங்கு வேருடைய கண்டல். சற்று மேட்டில் வெண்கண்டல். எப்போதோ நீரேறும் மேட்டு ஓரத்தில் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் அதுவே. ஒரே வகையை வரிசையாக நட்டுப் படம் எடுத்துக்கொள்வது தோட்டமாகலாம், காடாகாது. கரையோரம் முழுவதும் சவுக்கை நட்டுவிட்டுக் கடற்கரையைக் காத்துவிட்டதாகக் கருதுவதும் அத்தகையதே. பறவைகள் இரை தேடும் திறந்த சேற்று வெளியையும், இன்றும் நெல் விளையும் கைப்பாட்டையும் கண்டலால் நிரப்புவது நன்மையாகாது. அவ்வயலும் அந்நிலத்தின் பழைய உரிமையாளனே. கேரள வேளாண் பல்கலைக்கழகம் கைப்பாட்டுக்கென்றே உருவாக்கி 2010இல் வெளியிட்ட நெல் வகைகளுக்கு ஏழோம் ஊரின் பெயரையே சூட்டியது. ஊரின் பெயர் நெல்லுக்கும் உரியது, கண்டலுக்கும் உரியது. இரண்டுக்கும் இடம் வகுப்பதே அறிவுடைமை.

இனிச் செலவைப் பற்றி ஒரு சொல். கண்டல் ஓரிடத்தில் நின்றால் அதன் பயன் ஊருக்கெல்லாம் செல்கிறது. கரை இடிவதில்லை, ஆற்றில் மீன் பெருகுகிறது, புயலின் வேகம் தணிகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபின் அலையாத்தியின் அருமையை நாடே பேசியது. ஆனால் அம்மரத்துக்கு இடம் விட்டதனால் வரும் இழப்போ ஒருவருடையது. பயன் பொதுவாகவும் இழப்பு தனியாகவும் இருக்கும் இடத்தில், தடைச் சட்டம் ஒன்றே போதாது. கண்டலுக்கு நிலம் விட்டவருக்கு ஆண்டுதோறும் ஊக்கத்தொகை தருவதா, நியாய விலைக்கு நிலத்தைப் பொதுவுக்கு வாங்குவதா, மீன்பிடி உரிமையில் பங்கு வகுப்பதா என்பது ஆட்சியாளரும் ஊராரும் கூடித் தீர்க்க வேண்டியது. 2023ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் கடலோரக் கண்டல் வளர்ப்புக்கென 'மிஷ்டி' என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கன்றுக்கு மட்டுமன்றிக் கன்றுக்கு இடம் தருவோருக்கும் கணக்கில் இடம் இருந்தால்தான் பட்டா நிலங்களில் இத்தகைய முயற்சி வேரூன்றும்.

நேயர்களே, இது கண்ணூருக்கு மட்டும் உரிய செய்தியன்று. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வேலை நிமித்தம் வாழும் நம்மவருள் பலருக்கு, ஊரில் பாகப்பிரிவினையில் வந்த துண்டு நிலம் ஒன்று இருக்கும். கடலோர ஊராயின் அதில் உவர் ஏறிய, விளைச்சல் அற்ற மூலையும் இருக்கலாம். பயனற்ற நிலம் என்று கருதி, மண் கொட்டி மேடாக்க வரும் தரகருக்குத் தொலைவிலிருந்தே கையெழுத்திட்டு அனுப்பிவிடுவது எளிது. ஏழோம் பகுதியிலும் வயல்கள் பல அழிந்தது உடைமையாளர் கொடியவர் என்பதால் அன்று. அவர் தொலைவில் இருந்தார் என்பதால்.

ஆகவே அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, அந்த மூலையை ஒருமுறை நேரில் நடந்து பார்த்தல் நன்று. நீர் எவ்வழியே வருகிறது, எவ்விடத்தில் தடைபட்டிருக்கிறது என்று, அதில் முன்னர் உழைத்த முதியவர் ஒருவரைக் கேட்டறிதல் நன்று. அவர் பெயர் பட்டாவில் இராது. ஆனால் அந்நிலத்தின் நீர்க்கணக்கு அவரிடம் இருக்கும். தானே முளைத்த கன்று நின்றால் அதன் பெயரையும் அவரிடமே கேட்கலாம். பிடுங்குவதா விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை நம்முடையதே. அவ்வுரிமையைச் செலுத்துமுன் அதன் பெயரையாவது அறிந்துகொள்ளுதல் நம் கடமை.